பம்பரைப் பற்றிக் கேட்டிருந்தாய்

786
டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
4-10-1966

அன்பு மிகுந்த காதர் நானாவுக்கு, தம்பி நாகூர் கனி ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மஸூதாவும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். நீங்களும் ஆமினா மச்சியும் நலமா? உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நானா, கார் வாங்கிவிட்டேன். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது நாகை கடைத்தெருவில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட அதே கனிதான். மரக் கம்பெனி மானேஜர் ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அவருடைய ப்யூக் காரை மறுபடி கப்பலில் ஏற்ற மனமில்லாமல் எனக்கே கொடுத்துவிட்டார். கருநீல நிறம். உள்ளே தோல் மெத்தை. முன்னால் ரேடியோவும் கடிகாரமும் இருக்கின்றன. அபர்தீன் பஜாரில் நம் கடை வாசலில் நிறுத்தினால் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள்.

வெறும் அழகுக்கு வைத்துக்கொள்ள முடியுமா? புரோத்ராபூரில் எடுத்திருக்கும் தென்னந்தோப்பிலிருந்து கொப்பரை கொண்டுவர லாரிக்காகக் காத்துக் கிடக்கிறேன். மிலிட்டரி ஏலத்தில் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று எடுத்தேன். அதைக் காரின் பின்னால் மாட்டி இழுக்க ஒரு கொக்கி வேண்டும். இங்கே அதற்கென்று பட்டறை இல்லை. வீட்டு முற்றத்திலேயே பூட்டப்போகிறோம். குழந்தைவேலு என்று இராமநாதபுரத்துக்காரர், வெல்டர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பம்பர் இரும்புலயே பூட்டிரலாம் பாய். ரெண்டு மூட்டைக்குத் தாங்கும். அதுக்கு மேல ஏத்துறதா இருந்தா எனக்குத் தெரியாது. வெவரம் தெரிஞ்சவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

விவரம் தெரிந்தவர் என்று எனக்கு உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? பத்து மூட்டையாவது ஏற்ற வேண்டும். பம்பரில் பூட்டினால் போதுமா? கொக்கி எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? பின்விளக்குக்கு ஒயர் எப்படி இழுப்பது? உங்கள் பதில் வராமல் ஒரு துளைகூடப் போடமாட்டேன்.

மஸூதா உங்கள் இருவருக்கும் ஸலாம் சொல்லச் சொன்னாள்.

உங்கள் தம்பி
கனி

786
நாகப்பட்டினம்
31-10-1966

தம்பி கனிக்கு, காதர் எழுதியது. அலைக்கும் ஸலாம். நாங்கள் சுகமே. முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பட்டறையில் வேலை அதிகம் என்பதால் உடனே எழுத முடியவில்லை.

கார் வாங்கியது சந்தோஷம். ஆமினா உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி இரண்டு தடவை வாசித்தாள். எங்கள் பஸ் கம்பெனி முதலாளியிடமும் ஒரு பெரிய கார் உண்டு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவர் என்னை அதில் உட்காரச் சொன்னதில்லை. அடியில் படுக்கத்தான் சொல்வார். ஆகவே ப்யூக்கின் தோல் மெத்தையைப் பற்றி எனக்குத் தெரியாது. இரும்பைப் பற்றித் தெரிந்ததை எழுதுகிறேன்.

டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, அதன் மூக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள். கொக்கியும் அதே உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்தால் பின்பக்கம் ஆடும். கொக்கிக்குக் குறுக்கே போடும் முளை கழன்றுவிடாமல் நுனியில் ஒரு பின் மாட்ட வேண்டும். நட்டு ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங் வாஷர் போடு. விளக்கு ஒயர் புகைக்குழாயைத் தொடக்கூடாது. மூட்டைகளைச் சக்கரத்துக்குச் சற்று முன்னால் அடுக்கு. கொக்கிக்கு வாரம் ஒருமுறை கிரீஸ் வை.

பம்பரைப் பற்றிக் கேட்டிருந்தாய். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் எதைச் சொல்வது? பக்கத்தில் இருக்கும் வெல்டர் பார்த்துக்கொள்வார்.

மஸூதாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் துஆ.

காதர்

786
டெய்ரி ஃபார்ம்
19-11-1966

பாசமுள்ள நானாவுக்கும் மச்சிக்கும் கனியின் ஸலாம். இங்கே மழை விட்டுவிட்டது. எல்லோரும் நலம். முதுகுக்கு மஸூதா தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் கப்பலில் வரும் ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். தேய்த்துப் பாருங்கள்.

கொக்கி பூட்டியாகிவிட்டது! ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். படாக் மரக்கட்டைகளை அடியில் கொடுத்துக் காரின் பின்பக்கத்தைத் தூக்கினோம். குழந்தைவேலு அடியில் படுத்தார். நான் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தேன். உயரம் அளந்தோம். வாஷர் போட்டோம். பம்பர் இடத்துக்கு வந்ததும் அவர் தலையை வெளியே நீட்டி, "உங்க அண்ணன் இதப் பத்தி என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டார்.

"வேணாம்னு எழுதல" என்றேன்.

"வேணாம்னு எழுதலைன்னா சரி. பெரிய பட்டறை ஆளு, தப்புன்னா சொல்லாம விடுவாரா?" என்று வெல்டிங் வைத்துவிட்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன் நானா. தப்பாக இருந்தால் நீங்கள் விடமாட்டீர்கள்.

பக்கத்து வீட்டு வங்காளிகளும் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்களும் வேலியோரம் வந்து நின்றுகொண்டார்கள். ஒருவர், "அரே கனி பாய், ஜஹாஸுக்குப் பின்னால நாவு கட்டின மாதிரி இருக்கு!" என்றார். கப்பலுக்குப் பின்னால் படகு கட்டினது போல என்று அர்த்தம். ஒரே சிரிப்பு. மறுநாள் புரோத்ராபூர் போய் எட்டு மூட்டை இழுத்து வந்தேன். ரேடியோவில் பாட்டு கேட்டுக்கொண்டே கொப்பரை ஏற்றி வந்தவன் இந்தத் தீவில் நான் ஒருவன்தான். கேட்கிறவர்களிடம் எல்லாம், என் நானா சொல்லிக்கொடுத்த வேலை என்று சொல்கிறேன். போட்டோ எடுத்தோம். கழுவி வந்ததும் அனுப்புகிறேன். மச்சி எல்லோருக்கும் காட்டட்டும்.

மஸூதா ஸலாம் சொல்கிறாள்.

கனி

786
நாகப்பட்டினம்
9-12-1966

தம்பி கனிக்கு. இருவரும் சுகம். எண்ணெய் வந்தது. போட்டோவும் வந்தது. ஆமினா அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வாசல் அறையில் மாட்டியிருக்கிறாள். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது.

அப்படிப்பட்ட காரில் கொப்பரை இழுப்பது எனக்கு ஒப்பவில்லை. அதைச் செய்தவன் பெரிய மனிதர்கள் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து போகச் செய்தான். உனக்குக் கிடைத்தது, நீ மூட்டை இழுக்கிறாய். என்னைப் போன்றவன் கையில் இருந்தால் துடைத்துத் துடைத்தே வைத்திருப்பான். ஆனால் கிடைக்கிறவன் வேறு, அருமை தெரிந்தவன் வேறு.

நோன்பு நெருங்குகிறது. இன்னும் ஒன்று சொல்ல நினைத்தேன். இப்போது நினைவுக்கு வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு துஆ.

காதர்

786
டெய்ரி ஃபார்ம்
28-12-1966

நானாவுக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? இங்கே சின்னவளும் அடம்பிடித்து மூன்று நோன்பு வைத்துவிட்டாள்.

மூட்டை இழுப்பது உங்களுக்கு ஒப்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் ஒரு நல்ல காரியம் செய்யப்போகிறேன். பெருநாளுக்கு இன்னும் பதினைந்து நாள்தான். டிரெய்லரில் இரண்டு பெஞ்சு போட்டு, மேலே துணிப் பந்தல் கட்டி, எங்கள் தெருப் பிள்ளைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகிறோம். நம் பிள்ளைகள், வங்காளிப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள் என்று பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தொழுகை முடிந்ததும் கிளம்புவோம். அங்கே போகிற சாலையில் ஒரு செங்குத்தான மேடு இருக்கிறது. ப்யூக்குக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

ஏதோ சொல்ல நினைத்ததாக எழுதியிருந்தீர்களே, நினைவு வந்ததா?

மஸூதாவின் ஸலாம். மச்சிக்குப் பெருநாள் புடவை வருகிறது.

கனி

தந்தி
நாகப்பட்டினம், 11-1-1967

டிரெய்லரில் ஆள் ஏற்றாதே. பம்பர் தாங்காது. சேஸிஸில் பூட்டும்வரை எதையும் இழுக்காதே. காதர்

786
நாகப்பட்டினம்
11-1-1967

கனி, ஸலாம். தந்தி கொடுத்துவிட்டு அந்தத் தபாலாபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை.

பம்பர் என்பது இடித்தால் தாங்கத்தான். பின்னாலிருந்து இழுத்தால் தாங்காது. இரண்டு மூட்டைக்கு மேல் போனால் மேட்டில் பிய்ந்துவிடும். சேஸிஸின், அதாவது காரின் அடிச்சட்டத்தின், இரண்டு கையையும் துளைத்துக் குறுக்கே ஆங்கிள் இரும்பு போட்டு, அதில்தான் கொக்கியைப் பூட்ட வேண்டும். கொக்கி விட்டாலும் டிரெய்லர் போய்விடாமல் இருக்க ஒரு சங்கிலி வேண்டும். இது எனக்கு முதல் கடிதத்திலேயே தெரியும். நினைவு வராமல் இல்லை. எழுதவில்லை.

இன்னொன்று. உன் கடிதம் ஏழாம் தேதியே வந்துவிட்டது. நான்கு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் வந்தேன். தந்தி கொடுத்தால், முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று யோசித்தேன். நோன்பு வைத்துக்கொண்டு அதை யோசித்தேன்.

கிடைத்ததும் ஒரே ஒரு வார்த்தை பதில் தந்தி கொடு.

காதர்

786
டெய்ரி ஃபார்ம்
30-1-1967

பெரிய மச்சானுக்கு மஸூதா எழுதுவது. உங்கள் சுகத்துக்கும் மச்சி சுகத்துக்கும் துஆ செய்கிறேன். உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடலில் காற்று மோசமாகி வயர்லெஸ் நின்றுபோனதால் தந்தி மூன்று நாள் தாமதமாகத்தான் வந்தது. பெருநாளுக்கு மறுநாள் என் கைக்குக் கிடைத்தது.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. கடற்கரையில் விளையாடி, சாப்பிட்டு, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பினோம். நான் முன்னால் அவர் பக்கத்தில் இருந்தேன். மேட்டில் பாதி ஏறியதும் பின்னால் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "என்னங்க அது?" என்றேன். அவர் வண்டியை நிறுத்திக் கைபிரேக்கை இழுத்துவிட்டு ஓடினார். "எறங்குங்க! உத்ரோ, உத்ரோ! எல்லாரும் எறங்குங்க!" என்று இரண்டு பாஷையிலும் கத்தினார். நானும் ஓடிப்போய்ப் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிக் கீழே விட்டேன். பதினோராவது பிள்ளை எதிர்வீட்டு நீலாவதியின் மகள். பாவாடை பெஞ்சின் ஆணியில் மாட்டிக்கொண்டது. அதைக் கிழித்து இழுத்துக்கொண்டு நான் விலகினேன். அவர் டிரெய்லரைத் தோளால் தாங்கிக்கொண்டு நின்றார். பம்பர் முழுசாகப் பிய்ந்து வந்தது. டிரெய்லர் அவர் மேல் ஏறி இறங்கி, சரிவில் போய் மரத்தில் மோதி நின்றது.

வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கூடும், ஆனால் நீளம் குறையும் என்கிறார் டாக்டர்.

தந்தியை அவரிடம் காட்டினேன். கடிதம் இருபத்தைந்தாம் தேதி கப்பலில் வந்தது. நான்தான் பிரித்தேன். இரண்டு தடவை வாசித்துவிட்டு அடுப்பில் வைத்தேன். அவர் கட்டிலில் கிடந்துகொண்டு பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க நானாவுக்கு அங்க இருந்தே தெரிஞ்சுபோச்சு பாத்தீங்களா?" என்று தந்தியைக் காட்டுகிறார். அவருக்கு வாப்பா இல்லை, உம்மா இல்லை. இருப்பது நீங்கள் ஒருவர். கால் போனது போதும். உங்கள் மேல் இருக்கிற நம்பிக்கையையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். மறுபடி அப்படி ஒரு கடிதம் வந்தால் அதையும் எரிப்பேன்.

மச்சிக்கு என் ஸலாம்.

மஸூதா

786
டெய்ரி ஃபார்ம்
21-2-1967

அன்புள்ள நானாவுக்கும் மச்சிக்கும் ஸலாம். வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊன்றுகோல் வைத்து வாசல்வரை நடக்கிறேன். உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லையே, உடம்புக்கு ஏதாவதா? உங்கள் மனம் என்னை நினைத்து என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கவலை வேண்டாம்.

குழந்தைவேலுவை நான் சும்மா விடவில்லை. பம்பரில் பூட்டச் சொன்னது அவர்தானே? கட்டிலில் கிடந்தபடியே பஜாரில் எல்லோருக்கும் சொல்லியனுப்பினேன். இப்போது அவரிடம் ஒரு கேட் கம்பி ஒட்டக்கூட யாரும் போவதில்லை. அவர் வேலை பார்த்த காண்ட்ராக்டரும் நிறுத்திவிட்டாராம். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் வந்து கதவருகில் நின்றார். "கேக்கச் சொன்னேனே பாய்" என்றார். "கேட்டேன்யா. எங்க நானாவுக்கு ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தே தெரிஞ்சுது. கையில தொட்டுப் பாத்த உனக்குத் தெரியல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். போய்விட்டார். குடும்பத்தோடு மாயாபந்தர் பக்கம் போகப்போவதாகக் கேள்வி. போகட்டும்.

கார் முற்றத்தில் பின்பக்கம் கிழிந்து நிற்கிறது. பம்பர் போன இடத்தைப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

மஸூதா அடுப்படியில் இருக்கிறாள். அவள் ஸலாமையும் நானே எழுதிவிடுகிறேன்.

கனி

நாகப்பட்டினம்
10-3-1967

மதிப்பிற்குரிய திரு. குழந்தைவேலு அவர்களுக்கு, நாகூர் கனியின் அண்ணன் காதர் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதிவிட எனக்கு வாய் வரவில்லை. உங்கள் முகவரி தெரியாது. அபர்தீன் பஜார், வெல்டர் என்று போட்டிருக்கிறேன். நீங்கள் கப்பல் ஏறுவதற்குள் இது கிடைக்க வேண்டும்.

தெரிந்தவர்களைக் கேட்கச் சொன்னீர்கள். கனி என்னைக் கேட்டான். பம்பர் தாங்காது என்று எனக்கு அன்றே தெரியும். நான் சொல்லவில்லை. அதனால் தவறு உங்களுடையது அல்ல.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் எட்டு வயதில் பட்டறைக்குப் போனவன். கனி பள்ளிக்கூடம் போனான், அதையும் பாதியில் விட்டான், கப்பல் ஏறினான். அவனுக்கு ஒரு நட்டை இறுக்கத் தெரியாது. அவனுக்குக் கார் வந்தது. கடிதம் வந்த அன்று என் மனைவி அதை உரக்க வாசிக்கும்போது நான் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. தேய்த்தேன், தேய்த்தேன், போகவில்லை. அவன் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். இந்த ஒன்றை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன். கார் கொஞ்சம் கிழியட்டும், அந்தக் கருநீலத்தில் ஒரு கோடு விழட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். மனிதர்களை ஏற்றுவான் என்று நினைக்கவில்லை. ஏற்றப்போகிறான் என்று தெரிந்த பிறகும் நான்கு நாள் பேசாமல் இருந்தேன்.

இதை அவனுக்கே எழுதினேன், அது அவன் கைக்குப் போகவில்லை. ஆகவே நீங்கள் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவன் எதிரில் நின்று வாசியுங்கள். பிறகு பஜாரில் யாருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கும்
அ. காதர்

786
டெய்ரி ஃபார்ம்
24-4-1967

நானாவுக்கு.

குழந்தைவேலு வந்தார். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே வாசித்தார். நீங்கள் கை கழுவிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "மீதிய நீங்களே படிச்சுக்கங்க பாய், இது எனக்கு எழுதினது மாதிரி இல்ல" என்று கடிதத்தை என் மடியில் வைத்தார். படித்தேன். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எந்த வாயால் பழி சொன்னேனோ அந்த வாயால் பஜாரில் கடை கடையாக, ஊன்றுகோலோடு போய்ச் சொன்னேன். என் பெயரைத்தான் சொன்னேன். "நான் சரியா கேட்டுக்கல" என்றேன். உங்கள் பெயர் வரவில்லை. உங்களுக்காகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். என் நானா இப்படி என்று ஒருவரிடம் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

குழந்தைவேலு மாயாபந்தர் போகவில்லை. இங்கேயே இருக்கிறார்.

இதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. முதலில் எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டேன். திட்டி எழுதியது நான்கு பக்கம் இருந்தது. கடைசியில் ஒன்று யோசித்தேன், அதை மட்டும் எழுதுகிறேன். சின்ன வயதில் வீட்டுக்கு யார் வந்தாலும் வாப்பா உங்கள் கையைத்தான் பிடித்துக் காட்டுவார். "இவன் தொட்டா செத்த இஞ்சினும் பேசும்" என்பார். என்னைக் காட்டமாட்டார். அந்தக் காரை வாங்கி வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று நான் முதலில் செய்த காரியம் உங்களுக்குக் கடிதம் எழுதியதுதான். தோல் மெத்தை, ரேடியோ, கடிகாரம் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். போட்டோ எடுத்ததும் உங்களுக்காகத்தான். நீங்கள் பார்த்து ஏங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் நானா. ஏங்கினீர்கள்.

அதற்காக நீங்கள் செய்தது சரியாகிவிடாது. எதிர்வீட்டுப் பிள்ளையின் கிழிந்த பாவாடையை மஸூதா இன்னும் வைத்திருக்கிறாள். நீலாவதி திருப்பிக் கேட்டும் கொடுக்கவில்லை. உங்கள் கடிதம் என் கைக்கு எப்படி வந்தது என்று மட்டும் ஒருநாள் கேட்டாள். சொன்னேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம் போகவில்லை. எப்போது போகும் என்று தெரியவில்லை. போன பிறகு எழுதலாம் என்று இருந்தால் எழுதாமலே போய்விடுவேனோ என்று பயந்துதான் இப்போது எழுதுகிறேன். கால் நடக்கிறது, கொஞ்சம் சாய்ந்து நடக்கிறது. உங்கள் முதுகு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

மஸூதாவிடம், "நானாவுக்கு எழுதுறேன், ஸலாம் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆகவே இந்தத் தடவை என் ஸலாம் மட்டும்தான் வருகிறது.

கனி